ஒரு 'டக்', பல 'டக்': கார் கிளம்பும்போது வரும் சத்தங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழிக் காலை ஒன்றில் சாவியைத் திருப்பியபோது என் கார் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. லைட் எரிந்தது, ஹாரன் அடித்தது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. சுற்றி நின்ற எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. "பேட்டரி டவுன்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். "செல்ஃப் போயிடுச்சு சார்" என்றார் பால் போட வந்தவர். மைத்துனன் போனிலேயே "எஞ்சின் ஜாம் ஆகியிருக்கும் மாமா" என்று வயிற்றில் புளியைக் கரைத்தான். பட்டறையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார்கள், 4,500 ரூபாய். ஒன்பதாம் நாள் அதே 'டக்'. கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. காசு வேண்டாம், ஒரு டீ சொல்லுங்கள் என்றார்.

டீ குடிக்கும்போது அவர் சொன்னது: "என்ன சத்தம்னு எல்லாரும் சொல்றாங்க சார். எப்ப வருதுன்னு யாரும் சொல்றதில்ல."

கார் கிளம்ப ஆகும் இரண்டு மூன்று நொடிக்குள் ஐந்தாறு பாகங்கள் வரிசையாக வேலை செய்கின்றன. சத்தம் அந்த வரிசையில் எந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்தால், குற்றவாளிகளின் பட்டியல் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். நாமோ எல்லாவற்றையும் சேர்த்து 'எஞ்சின் சத்தம்' என்று சொல்லிவிடுகிறோம். அதில் பாதி, எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே வந்துவிடுகிற சத்தம்.

## கிணற்று மோட்டாரும் கார் எஞ்சினும்

கிணற்று மேட்டில் பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். தண்ணீரை மேலே இழுக்க வேண்டுமென்றால் பம்புக்குள் ஏற்கெனவே தண்ணீர் நின்றிருக்க வேண்டும். காற்று புகுந்துவிட்டால் ஒரு குடம் தண்ணீரை நாமே ஊற்றித்தான் ஆரம்பித்து வைக்க வேண்டும்.

கார் எஞ்சினும் அப்படித்தான். காற்றும் பெட்ரோலும் உள்ளே வந்து, அழுத்தப்பட்டு, பற்றினால்தான் எஞ்சின் சுற்றும். ஆனால் உள்ளே இழுப்பதும் அழுத்துவதும் எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தால்தான் நடக்கும். ஆகவே முதல் சில சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது கொடுத்தாக வேண்டும்.

அம்பாசடர் ஓட்டியவர்கள் முன்பக்கத்து ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையாலேயே அந்தச் சுற்றைக் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். இந்த வேலையை மின்மோட்டாரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கினார். 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. ஆள் இறங்கிச் சுற்றாமல் தானே கிளம்பியதால் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்று பெயர். நம் பட்டறைகளில் 'ஸ்டார்ட்டர்' உதிர்ந்துபோய் 'செல்ஃப்' மட்டும் நின்றுவிட்டது.

## மூன்று நொடித் தொடர் ஓட்டம்

சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்ததும், அமைதியான இடமாக இருந்தால், பின்சீட்டுப் பக்கமிருந்து 'ம்ம்ம்' என்று சுமார் இரண்டு நொடி ஒரு முனகல் கேட்கும். பெட்ரோல் டாங்குக்குள் இருக்கும் பம்பு குழாயில் அழுத்தம் ஏற்றுகிறது. இது நல்ல சத்தம். வண்டி சரியாக இருக்கும்போதே ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவையுங்கள். என்றாவது அது வராமல் போனால் உடனே தெரியும்.

அடுத்து சாவியை 'ஸ்டார்ட்' பக்கம் திருப்பும்போது, செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறது. சோலனாய்டு என்பது ஒரு கம்பிச் சுருளும் அதற்குள் வழுக்கும் இரும்புத் தண்டும். மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகித் தண்டைச் சுண்டி இழுக்கும். வீட்டு வாசலில் இருக்கும் 'டிங் டாங்' காலிங் பெல்லுக்குள்ளும் இதே சங்கதிதான். காரில் அந்த ஒரு இழுப்பு இரண்டு வேலை செய்கிறது. பினியன் எனப்படும் சின்னப் பல்சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. கூடவே, தடித்த செம்புத் தொடுப்பு ஒன்றை மூடி, பேட்டரியின் முழு பலத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. நமக்குக் கேட்கும் 'டக்' இந்தத் தண்டு போய் முட்டும் சத்தம்.

பினியன் போய்க் கடிப்பது ஃப்ளைவீலை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் அது. அதன் விளிம்பில் இருக்கும் பல் வளையத்துக்கு ரிங் கியர் என்று பெயர். பினியனில் ஒன்பது பத்துப் பல்தான் இருக்கும், ரிங் கியரிலோ நூறுக்கும் மேல். எனவே மோட்டார் பத்துச் சுற்றுக்கும் மேல் சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும். வேகத்தை விட்டுக்கொடுத்து பலத்தை வாங்குகிற கணக்கு. இப்படி எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று அளவுக்குச் சுழற்றினால் போதும், பற்றிக்கொள்ளும்.

பற்றிக்கொண்டதும் எஞ்சினின் வேகம் சட்டென்று 1,000 சுற்றைத் தாண்டிவிடும். பினியன் அப்போதும் கடித்தபடியே இருந்தால், அதே கணக்கு தலைகீழாகி, செல்ஃப் மோட்டாரை எஞ்சின் பத்து மடங்கு வேகத்தில் சுழற்றிச் சிதறடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் பினியனுக்குள் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பொறி இருக்கிறது. பெடலை மிதித்தால் சைக்கிள் சக்கரம் சுற்றும். மிதிக்காமல் விட்டால் சக்கரம் பாட்டுக்குச் சுற்றும், பெடல் நிற்கும். அதேபோல மோட்டார் எஞ்சினைத் தள்ளலாம், எஞ்சினால் மோட்டாரைத் தள்ள முடியாது. பட்டறையில் பினியனையும் இந்தப் பொறியையும் சேர்த்து 'பெண்டிக்ஸ்' என்பார்கள்.

இதுவரை பார்த்த வரிசை: பம்பின் முனகல், சோலனாய்டின் 'டக்', மோட்டார் எஞ்சினைச் சுழற்றும் 'ர்ரூ ர்ரூ', எஞ்சின் பற்றும் 'வ்ரூம்', பிறகு ஆயிலும் பெல்ட்டும் தம் வேலைக்கு வருவது. நல்ல வண்டியில் 'டக்'கும் 'ர்ரூ'வும் ஒட்டிக்கொண்டே வருவதால் 'டக்' தனியாகக் காதில் விழாது. அது தனியாகக் கேட்டாலே ஓட்டம் அங்கே தடுக்கிவிட்டது என்று பொருள்.

## 'டக்' என்ற குடும்பம்

ஆட்கள் அதிகமாகக் குழம்புவதும், தேவையில்லாமல் செலவழிப்பதும் இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சின்னக் காரின் செல்ஃப் மோட்டார் சுமார் ஒரு கிலோவாட் திறன் கொண்டது. வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைவிடச் சற்றுப் பெரியது. வெறும் 12 வோல்ட்டில் அவ்வளவு வேலை வாங்க வேண்டுமென்றால் 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய வேண்டும். வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசிகூட ஏழெட்டு ஆம்பியர்தான் எடுக்கிறது.

'டக் டக் டக் டக்' என்று வரிசையாக வந்தால்: கிராமத்தில் பம்புசெட் போட்டதும் வீட்டு பல்பு மங்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் குறைந்த பேட்டரிக்கு சோலனாய்டை இழுக்கும் தெம்பு இருக்கிறது. தண்டு முட்டுகிறது, டக். தொடுப்பு மூடியதும் மோட்டார் நூறு ஆம்பியரைக் கேட்கிறது. பேட்டரி துவண்டு, வோல்டேஜ் விழுகிறது. தண்டைப் பிடித்து வைக்கக்கூட சோலனாய்டுக்குத் தெம்பு போதவில்லை, விட்டுவிடுகிறது. விட்டதும் பாரம் நீங்கி வோல்டேஜ் மீண்டும் ஏறுகிறது. மறுபடி இழுக்கிறது, டக். லோ வோல்டேஜில் டியூப்லைட் எரிவதா அணைவதா என்று மினுக் மினுக் என்று தவிக்குமே, ஏறக்குறைய அதே தவிப்பு, நொடிக்குப் பலமுறை. ஆக, பல 'டக்' வந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மீது. இரண்டாவது, அதன் முனைகள்மீது.

ஒரே ஒரு 'டக்' வந்து நின்றுவிட்டால்: சோலனாய்டு இழுத்தது, பிடித்தும் வைத்திருக்கிறது. ஆனால் மோட்டார் சுற்றவில்லை. தொடுப்பின் செம்பு கரிந்திருக்கலாம். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மிக்ஸியில் 'கார்பன் மாத்தணும்' என்பார்களே, அதன் பெரிய வடிவம் இது. எங்கேயாவது ஒரு கேபிள் தளர்ந்திருக்கலாம். எஞ்சினே சிக்கிக்கொண்டிருப்பது அரிது. மைத்துனன் சொன்னதை நான் ஒருநாள் முழுக்க நம்பினேன் என்பது வேறு கதை.

'லைட் எரியுதே, அப்புறம் எப்படி கரண்ட் இல்லாம போகும்?' இந்தக் கேள்வியில்தான் தவறான புரிதல் உட்கார்ந்திருக்கிறது. பாதி அடைத்த குழாயில் ஒரு டம்ளர் பிடிக்கும்போது அடைப்பு தெரியாது, அண்டாவை வைத்தால்தான் தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம். துரு ஏறிய ஒரு முனை 0.02 ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெட்லைட் பல்பு எடுக்கும் 5 ஆம்பியர் அதன் வழியே போனால் இழப்பு 0.1 வோல்ட்; கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டாரின் 150 ஆம்பியர் போனால் இழப்பு 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று போனால் மோட்டார் எங்கே சுற்றும்? ஹாரன் அடிப்பது பேட்டரி நன்றாக இருப்பதற்குச் சாட்சியே இல்லை.

ஆனால் அதே ஹெட்லைட்டை வேறு விதமாகச் சாட்சிக்கு அழைக்கலாம். லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், ஒருவர் முன்னால் நின்று பார்க்கட்டும். லைட் அடியோடு மங்கினால் பேட்டரியோ அதன் முனைகளோ காரணம். மங்காமல் பிரகாசமாகவே நின்றால், மோட்டாருக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை: சோலனாய்டு தொடுப்பு, கார்பன் பிரஷ், எஞ்சினுக்குப் போகும் எர்த் ஆகியவற்றில் ஒன்று. என் வண்டி இந்த வகை. பட்டறைக்காரர் மோட்டாரைச் சந்தேகித்தது முழுத் தப்பில்லை. கேபிளை முதலில் பார்க்காததுதான் தப்பு.

'டக்' கூட இல்லாமல் மௌனமாக இருந்தால் கிளட்ச்சை முழுதாக மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி'யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள். இதற்காக மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தவர்கள் நிறைய.

### நாமே செய்யக்கூடியது

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் கேபிளையும் பிறகு பாசிட்டிவ் கேபிளையும் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம். நெகட்டிவைக் கடைசியில் மாட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் தவறிப்போய் பாடியைத் தொட்டால் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.0 காட்டினால் கிட்டத்தட்டக் காலி. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். பழைய பேட்டரி ஒன்று சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, பாரம் வந்ததும் எட்டுக்குச் சரிவதும் உண்டு. அதனால்தான் கடையில் பாரம் ஏற்றிச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் பேட்டரிகளைக் கொல்வது வெயில். சூட்டில் உள்ளே இருக்கும் தகடுகள் வேகமாகச் சிதைகின்றன. சித்திரை, வைகாசியில் அடி வாங்கிய பேட்டரி மழைக்காலத்துக் குளிர்ந்த காலையில்தான் கையை விரிக்கும். குற்றம் ஒரு மாதத்தில், தண்டனை வேறு மாதத்தில்.

இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதானால்: சிவப்பை நம் பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனையை நம் எஞ்சினின் வெற்று உலோகத்தில். கடைசி முனையை நம் பேட்டரியில் மாட்டாததற்குக் காரணம், அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். பொறி பட்டால் வெடிக்கும்.

சுருக்கமாக: பல 'டக்' என்றால் பேட்டரி பக்கம். ஒரு 'டக்' என்றால் ஹெட்லைட்டைக் கேளுங்கள். எதுவானாலும் பாகம் மாற்றும் முன் இரண்டு முனைகளையும் எர்த்தையும் இறுக்கிப் பாருங்கள்.

## 'ஙொய்ய்' என்றும் 'கர்ர்ர்' என்றும்

மோட்டார் மட்டும் 'ஙொய்ய்' என்று மிக்ஸி காலியாக ஓடுவதுபோல ஓடி, எஞ்சின் அசையவே இல்லையென்றால், பினியன் ஃப்ளைவீலைப் பிடிக்கவில்லை. அல்லது பிடித்தும் உள்ளே ஃப்ரீவீல் வழுக்குகிறது. மிதித்தால் பெடல் சும்மா சுற்றும் பழைய சைக்கிள்தான் இது. பெண்டிக்ஸ் மாற்ற வேண்டும்.

'கர்ர்ர்' என்று இரும்போடு இரும்பு உரசினால், பல்லும் பல்லும் சரியாகக் கோக்காமல் தேய்கின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் மறுபடி சாவியைத் திருப்பினால் வரும் சத்தமும் இதுதான். ஒருமுறை நடந்தால் பாதகமில்லை. ஆனால் ஒழுங்காக ஸ்டார்ட் செய்யும்போதே அடிக்கடி வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பினியன் தேய்ந்திருக்கும்வரை செல்ஃபோடு செலவு முடியும். ரிங் கியரின் பற்களும் போய்விட்டால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும்.

## சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

'ர்ரூ ர்ரூ' என்று நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லையென்றால், ஒரு நல்ல செய்தி: பேட்டரியும் செல்ஃபும் தம் வேலையைச் செய்துவிட்டன. இதற்குப் பிறகும் பேட்டரியை மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை, அல்லது சாவியில் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. முதலில் சொன்ன 'ம்ம்ம்' கேட்கிறதா என்று கவனிக்க வேண்டிய நேரம் இது. எலி வயரைக் கடித்திருப்பதும் சகஜம். பானட்டைத் திறந்தால் தேங்காய்ச் சில்லோடு குடும்பமே இருக்கும்.

அந்த 'ர்ரூ ர்ரூ'வின் தாளத்திலும் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது மோட்டார் கொஞ்சம் திணறுகிறது, தாண்டியதும் இளைப்பாறுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் 'ர்ரூ'. நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு ஆறேழு 'ர்ரூ', மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஐந்து. தாளம் மெதுவாகி இழுத்தால் பேட்டரி சோர்கிறது. தாளம் நொண்டினால், அதாவது ஒரு 'ர்ரூ' மட்டும் விட்டுவிட்டு விழுந்தால், ஒரு சிலிண்டரில் அழுத்தம் ஒழுகுகிறது.

தாளமே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக, வழவழவென்று ஒரே சீராகச் சுற்றினால் கையை எடுத்துவிடுங்கள். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். வால்வு மூடாததால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாததால் திணறலும் இல்லை. பல எஞ்சின்களில் இந்த நிலையில் மேலும் சுற்றினால் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும்.

எந்த நிலையிலும் தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். மோட்டார் அவ்வளவு சூடாகிறது.

## கிளம்பிய பிறகு வரும் சத்தங்கள்

முதல் ஒன்றிரண்டு நொடி 'கடகட': இரவு முழுவதும் ஆயில் மேலிருந்து வடிந்து அடித்தொட்டிக்குப் போய்விடுகிறது. காலையில் பம்பு அதை மேலே ஏற்ற ஒன்றிரண்டு நொடி ஆகும். டைமிங் செயின் உள்ள எஞ்சின்களில், செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும். ஆயில் வரும்வரை செயின் தளர்ந்து ஆடும். சைக்கிள் செயின் லூஸானால் செயின் கவரில் அடிக்குமே, அதே சத்தம். ஒன்றிரண்டு நொடியில் அடங்கினால் கவலை வேண்டாம். நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் ஆயில் அளவு. அப்புறம் ஆயில் ஃபில்டர். பல ஃபில்டர்களுக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீர் இறங்காமல் பிடிப்பதுபோல, இது ஆயில் இறங்காமல் பிடிக்கிறது. மலிவான ஃபில்டரில் அது சரியாகப் பிடிக்காது. ஃபில்டரை மாற்றியதும் காலைச் சத்தம் காணாமல் போன வண்டிகள் உண்டு. அதுவும் இல்லையென்றால் டென்ஷனரும் செயினும்.

இங்கே ஒரு பட்டறை வைத்தியம்: "பழைய வண்டி, கெட்டி ஆயில் ஊத்துங்க, சத்தம் வராது." சூடான பிறகு சத்தம் அமுங்குவது உண்மைதான். ஆனால் காலையில் கெட்டி ஆயில் மேலே ஏற இன்னும் நேரமாகும், எஞ்சின் காய்ந்தபடி ஓடும் நேரம் கூடும். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள்.

மெல்லிய 'டிக் டிக் டிக்': வால்வைத் தள்ளும் டேப்பெட்டில் இடைவெளி கூடியிருக்கலாம். அல்லது எக்ஸாஸ்ட் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் ஊதலாம். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கேஸ்கெட் ஊதுவது காலையில் அதிகமாகவும், உலோகம் சூடாகி விரிந்ததும் குறைவாகவும் கேட்கும். குக்கர் கேஸ்கெட் ஆரம்பத்தில் புஸ்ஸென்று ஒழுகிவிட்டுப் பிறகு அடைத்துக்கொள்வது போல. சத்தம் அடங்கிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

'கீஈஈச்': பெல்ட். மாவு மில்லில் பெல்ட் வழுக்கும்போது கேட்டிருப்பீர்கள். காலையில் மட்டும் கத்திவிட்டு ஏன் அடங்குகிறது? செல்ஃப் அடித்ததில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும். எஞ்சின் கிளம்பியதும் ஆல்டர்னேட்டர் (பட்டறை மொழியில் இன்னமும் டைனமோ) அதை அவசரமாக நிரப்பப் பார்க்கும். அந்த முதல் நிமிடத்தில்தான் பெல்ட்டுக்குப் பாரம் அதிகம். பனி ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், தளர்ந்திருந்தால் இறுக்கச் சொல்லுங்கள். ஸ்ப்ரே அடித்து வாயை மூடுவது இரண்டு வாரத்துக்குத்தான்.

டீசல் வண்டியின் 'தடதட': டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். குளிர்ந்த எஞ்சினில் பற்றுவது கொஞ்சம் தாமதமாகும்; அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமாகப் பற்றி அறையும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இரவு நிறுத்திய வண்டியில் இது அதிகமாகவே கேட்கும். டேஷ்போர்டில் சுருள் போன்ற விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்தால் குறையும்.

மற்றவை சின்ன விஷயங்கள். குளிர்ந்த எஞ்சின் 1,200, 1,500 சுற்றில் உறுமிவிட்டு 800 பக்கம் இறங்குவது இயல்பு. அடியில் தகரம் அதிர்வதுபோல 'சலசல' என்றால் எக்ஸாஸ்டின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கும். ஒரு கிளிப் போதும். கிளம்பும்போதும் அணைக்கும்போதும் மட்டும் 'தடக்' என்று உடம்பு குலுங்கினால் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் கார்களில் கொஞ்சம் குலுங்கல் பிறவிக்குணம்.

## உடனே அணைக்க வேண்டியவை

எஞ்சினின் அடியிலிருந்து கனமான 'டொக் டொக்', அதுவும் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகமாகிறது என்றால் அணைத்துவிடுங்கள். பேரிங் போயிருக்கலாம். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். கிளம்பிச் சில நொடிகளுக்குப் பிறகும் சிவப்பு ஆயில் விளக்கு அணையவில்லை என்றாலும், பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனிக்கதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் பார்த்தோம். தண்ணீர் வடிந்ததும் 'எடுக்குதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பினால் கேட்கும் ஒரே 'தட்' சத்தம் சில சமயம் எஞ்சினின் கடைசிச் சத்தமாகிவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளையும். அப்படிப்பட்ட வண்டியில் சாவியையே தொடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது

'ஒரு மாதிரி சத்தம் வருது' என்பதைவிட, 'ராத்திரி நிறுத்தி காலையில எடுக்கும்போது மட்டும், கிளம்பின பிறகு, நாலு நொடி கடகடன்னு வருது, மத்தியானம் வர்றதில்ல' என்று சொன்னால் அவர் எதைக் கழற்றுவது என்பதைவிட எதைக் கழற்ற வேண்டாம் என்பதை முதலில் முடிவுசெய்வார். சாவியைத் திருப்பும் முன்பே போனில் பதிவை ஆரம்பித்துவிடுங்கள். பம்பின் முனகலிலிருந்து எல்லாம் வரிசையாகப் பதிவாக வேண்டும்.

காலைச் சத்தங்களோடு ஒரு தொல்லை. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போவதற்குள் எஞ்சின் சூடாகிவிடும், அங்கே போய் எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வண்டி நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். "ஒண்ணும் இல்லையே சார்" என்று நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். முந்தைய நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிட்டு, மறுநாள் கடை திறந்ததும் மெக்கானிக்கையே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.